வென்றவர் நீதியும் தோற்றவர் உரிமையும்

மனித உரிமை பற்றி நம் மேடைகளில் இரண்டே வகைப் பேச்சுகளை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். உரிமை என்னும் சொல்லே 1789-ல் பாரிஸ் மாநகரில்தான் பிறந்தது, அதற்கு முன் உலகம் இருளில் கிடந்தது என்பார் ஒரு சாரார். அவர்கள் அன்று எழுதியவற்றையெல்லாம் நாம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டோம், பிறரிடம் கற்க நமக்கு ஒன்றுமில்லை என்பார் மற்றொரு சாரார். முன்னவருக்குப் பிரெஞ்சுப் புரட்சி சான்று. பின்னவருக்கு 1979-ல் ஈரானிய மக்கள் தம் மன்னரை விரட்டிய வரலாறு சான்று. இரு சாராருக்கும் கைதட்டல் குறைவதில்லை. ஆனால் இரு சாராரும் ஒரே இடத்தில் வந்ததும் வாய்மூடி விடுகின்றனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

அவ்விடம் எது? மன்னன் வீழ்ந்த பின், அவனுடைய அமைச்சனும் தளபதியும், அவனுக்காக ஒரு சொல் பரிந்து பேசியவனும் கைவிலங்கோடு நிறுத்தப்படும் இடம். மக்கள் புரட்சிகளை ஒப்பிட விரும்புவோர் பெரும்பாலும் அவற்றின் சாசனங்களை எடுத்துவைத்து, இதில் இத்தனை பிரிவுகள், அதில் இத்தனை பிரிவுகள் என்று எண்ணிக் காட்டுகின்றனர். நாம் அப்படி எண்ணப்போவதில்லை. புரட்சி தனக்கு உவந்தவனுக்கு உரிமை வழங்கச் சாசனம் எதற்கு? அவனுக்கு ஆட்சியாளரின் அன்பே போதும். வெறுக்கப்படுபவனுக்குத்தான் எழுத்தில் வடித்த உரிமை வேண்டும். எனவே, தான் வெறுத்தவனுக்கு எந்தப் புரட்சி எவ்வளவு நீதி வழங்கியது என்பதையே அளவுகோலாகக் கொள்வோம். இந்த அளவுகோல் பாரிஸையும் சுடும், தெஹ்ரானையும் சுடும்.

கால வரிசைப்படி ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குவதே முறை. காரணம் காட்டாமல் குடிமகனைச் சிறையிடக் கூடாது என்னும் விண்ணப்பத்துக்கு 1628-ல் இசைவு தந்துவிட்டு, பின்னர் பதினோராண்டுகள் பாராளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்டவர் முதலாம் சார்லஸ். அவர்மீது நமக்கு இரக்கம் இல்லை. எனினும் அவரை விசாரித்த விதத்தைப் பாருங்கள். 1648 டிசம்பரில் படையினர் பாராளுமன்ற வாயிலில் நின்று தமக்கு ஆகாத உறுப்பினர்களை விரட்டினர். எஞ்சியவர்கள் தனி நீதிமன்றம் ஒன்றைப் படைத்து அதற்கு 135 பேரை நியமித்தனர். மரண ஆணையில் ஒப்பமிட்டோர் 59 பேர். எந்த அதிகாரத்தின்படி என்னை விசாரிக்கிறீர்கள் என்று மன்னர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கு விடை வரவில்லை. வாழ்நாளெல்லாம் சட்டத்தை மிதித்தவர், மரணத்தின் வாயிலில் சட்டத்தின் பெயரால் கேள்வி கேட்க, சட்டத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் வாய்மூடி நின்றது அந்த மண்டபத்தின் விசித்திரம். 1649 ஜனவரி 30-ல் அவர் தலை வீழ்ந்தது.

அந்த விசித்திரத்தை அன்றே கண்டு சொன்னவர் மன்னரின் ஆள் அல்லர். ஜான் லில்பர்ன் என்னும் தீவிர மக்களாட்சிவாதி. மன்னரின் ஆட்சியில் சவுக்கடியும் சிறையும் பட்டவர். சார்லஸ் குற்றவாளியே, ஆனால் அவருக்காக ஒரு தனி நீதிமன்றத்தை உருவாக்கினால் நாளை அதே வகை மன்றம் எவருக்கும் உருவாகும் என்று அவர் அஞ்சினார். அச்சம் வீண்போகவில்லை. அதே 1649 அக்டோபரில், புதிய குடியரசின்மீது துரோகம் செய்தார் என்று லில்பர்ன் கூண்டில் நிறுத்தப்பட்டார். சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஜூரிகள் அவரை விடுவித்தனர். 1653-லும் வழக்கு, மறுபடியும் விடுதலை. ஆயினும் இம்முறை ஆட்சியாளர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, சிறையிலேயே வைத்துக்கொண்டனர். 1660-ல் முடியாட்சி மீண்டபோது, சார்லஸுக்குத் தீர்ப்பு எழுதியவர்களில் அகப்பட்டோர் அதே கூண்டில் ஏறினர். துரோகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞர் கிடையாது என்பதே அந்நாளைய சட்டம். தாம் ஆண்ட பதினோராண்டில் அதை மாற்றாமல் விட்டவர்கள் அதனாலேயே நிராதரவாய் நின்றனர்.

1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபின் 1689-ல் எழுந்த உரிமைச் சட்டத்தைப் பலரும் புகழ்வர். பாராளுமன்றத்தின் உரிமையை அது நிலைநாட்டியது உண்மை. கத்தோலிக்கரை அரியணையினின்றும் அது விலக்கிவைத்ததும் உண்மை. நாம் அதனினும் பெரிதாகக் கருதுவது, மேடையில் எவரும் பெயர் சொல்லாத 1696-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை. துரோகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் குற்றப்பத்திரிகையின் படி முன்கூட்டியே தரப்பட வேண்டும், அவன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், இரு சாட்சியின்றித் தண்டனை இல்லை என்று அது விதித்தது. அரசைக் கவிழ்க்க முயன்றவன் என்று எவனை அரசு சொல்கிறதோ, அவனுக்கே இந்த உரிமை! ஆங்கிலேயருக்கு இந்த ஞானம் வானத்திலிருந்து இறங்கவில்லை. இரு கட்சியாரும் மாறி மாறி அந்தக் கூண்டில் நின்று, மாறி மாறித் தலை கொடுத்த பிறகு பிறந்த ஞானம் அது.

பிரான்சுக்கு வருவோம். 1789 ஆகஸ்டு 26-ல் வெளியான 17 பிரிவுகளைக் கொண்ட பிரகடனத்தை நாம் மதியாதவர் அல்லேம். சட்டம் குறித்த முறையன்றி எவரையும் கைது செய்யலாகாது என்கிறது ஏழாம் பிரிவு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே என்கிறது ஒன்பதாம் பிரிவு. மன்னனின் முத்திரையிட்ட ஒரு தாள் போதும், ஒருவனை விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைக்க என்றிருந்த நாட்டில் இவை எழுந்தன என்பதை நினைத்தால் அவற்றின் அருமை விளங்கும். (பாஸ்டில் கோட்டையைத் தகர்த்தபோது உள்ளே இருந்தவர்கள் எழுவர் மட்டுமே என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எழுவர் இருந்தால் என்ன, எழுபதின்மர் இருந்தால் என்ன? அந்தத் தாளின்மீது மக்களுக்கு இருந்த அச்சமே கோட்டையின் வலிமை.)

ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஒன்பதாம் பிரிவு என்ன ஆயிற்று? 1792 டிசம்பரில் பதினாறாம் லூயியைத் தேசிய மன்றத்தின் முன் நிறுத்தியபோது, அவரை விசாரிப்பதே தவறு என்று வாதிட்டவர்கள் செயின்ட் ஜஸ்டும் ரோபஸ்பியரும். அரசன் குடிமகன் அல்லன், பகைவன். பகைவனுக்கு நீதிமன்றம் எதற்கு என்றார் முன்னவர். மன்னன் நிரபராதியாக இருக்கக்கூடும் என்று கருதினால், புரட்சியே குற்றவாளி என்றாகிவிடும் என்பது பின்னவர் வாதத்தின் சாரம். இந்த ரோபஸ்பியர்தான் 1791 மே மாதம் மரண தண்டனையையே ஒழிக்கவேண்டும் என்று மன்றத்தில் முழங்கியவர்! விசாரணை நடந்தது, மூன்று வழக்கறிஞர்கள் மன்னருக்காகப் பேசினர், குற்றம் சாட்டிய மன்றமே தீர்ப்பும் சொன்னது. 1793 ஜனவரி 21-ல் மன்னர் கொல்லப்பட்டார்.

அம்மூவரில் ஒருவர் எழுபது வயதைக் கடந்த மால்ஷெர்ப். மன்னரின் அமைச்சராக இருந்தவர். ஆயினும் அதற்கும் முன்னர் நூல் தணிக்கைப் பொறுப்பில் இருந்துகொண்டே, புதுமைக் கருத்துகள் நிறைந்த கலைக்களஞ்சியத்தை அழிவினின்று காத்தவர். யாரும் முன்வராத வேளையில் தாமே முன்வந்து மன்னருக்கு வாதாடினார். அவரை 1794 ஏப்ரலில் மகளோடும் பேத்தியோடும் கொலைக்களத்துக்கு அனுப்பினர். மன்னருக்கு வாதாட நானும் வருகிறேன் என்று எழுதிய மற்றொருவர் ஒலிம்ப் தெ கூஜ். ஆணுக்கு எழுதிய பிரகடனத்தில் பெண் எங்கே என்று கேட்டு, 1791-ல் பெண்ணுரிமைப் பிரகடனம் வரைந்த அம்மையார். எவ்வகை ஆட்சி வேண்டும் என்பதை மக்களே தேர்ந்துகொள்ளட்டும் என்று சுவரொட்டி அச்சிட்டது அவர் குற்றம். விசாரணையில் வழக்கறிஞர் கேட்டார். உமக்கே வாதாடும் திறமை இருக்கிறதே என்று மறுத்துவிட்டனர். 1793 நவம்பர் 3-ல் அவர் தலை வீழ்ந்தது.

கடைசியில் வந்தது 1794 ஜூன் 10-ஆம் நாள் சட்டம். புரட்சி நீதிமன்றத்தில் நிறுத்தப்படுபவனுக்கு வழக்கறிஞர் இல்லை. தீர்ப்பு இரண்டே, விடுதலை அல்லது மரணம். ஏழு வாரங்களுக்குள் பாரிஸில் மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் வெட்டுண்டனர். ஏழாம் வாரத்தின் முடிவில், ஜூலை 28-ல், ரோபஸ்பியரும் செயின்ட் ஜஸ்டும் அதே மேடைக்கு வந்தனர். சட்டத்துக்குப் புறம்பானவர் என அறிவிக்கப்பட்டதால் அவர்களுக்கு விசாரணையே நடக்கவில்லை. ஆள் இன்னார் என்று அடையாளம் கண்டதோடு சரி. அதே மன்றம் அதே ஆண்டு பிப்ரவரி 4-ல் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. தூரத்து அடிமையின் உரிமையைக் கண்ட கண்கள் பக்கத்துக் கூண்டில் நின்றவனின் உரிமையைக் காணவில்லை.

பிரான்சைப் போற்றும் அன்பர்கள் இப்போது முகம் சுளித்திருப்பர்; மற்றவர்கள் மகிழ்ந்திருப்பர். மகிழ்ந்தவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஈரானில் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தது 1979-ல் மட்டும் அன்று. 1905 டிசம்பரில் சர்க்கரை விலை ஏறிவிட்டது என்று சொல்லி, தெஹ்ரான் ஆளுநர் வணிகர்கள் சிலரைக் கட்டிவைத்து உள்ளங்காலில் அடித்தார். கடைவீதி மூடிற்று, ஆலிம்களும் வணிகரும் ஷா அப்துல் அழீம் தர்காவில் அடைக்கலம் புகுந்தனர். அடுத்த கோடையில் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் கூடாரமிட்டு அமர, முஸப்பருத்தீன் ஷா 1906 ஆகஸ்டில் மஜ்லிஸ் கூட்ட இசைந்தார். 1907-ல் வந்த துணைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, நாட்டுச் சட்டத்தின் முன் மக்கள் அனைவரும் சமம் என்றது. பத்தாம் பிரிவு, நீதிமன்ற ஆணையின்றிக் கைது கூடாது, கைதானவனுக்கு 24 மணி நேரத்துக்குள் காரணம் சொல்லப்பட வேண்டும் என்றது. இவை ஐரோப்பியச் சட்டங்களைப் பார்த்து எழுதியவை என்று இகழ்வோர் உண்டு. பார்த்து எழுதினால் என்ன குறை? அடிபட்டது தெஹ்ரான் வணிகரின் கால்.

எட்டாம் பிரிவை எதிர்த்தவர் ஷெய்கு பஸ்லுல்லாஹ் நூரி; அந்நாளில் தெஹ்ரானின் பெரும் மார்க்க அறிஞர்களில் ஒருவர். முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் சட்டத்தின் முன் சமம் என்பது ஷரீஅத்துக்கு முரண் என்றார். முஹம்மது அலீ ஷாவின் பக்கம் சாய்ந்தார். 1908 ஜூனில் அந்த ஷா மஜ்லிஸைப் பீரங்கியால் தகர்த்தார். நஜபிலிருந்த நாயினீ என்னும் அறிஞர், ‘தன்பீஹுல் உம்மா’ என்னும் தம் நூலில் நூரியின் தரப்பாருக்கு விடை எழுதினார். ஆட்சி என்பது சொத்தன்று, அமானிதம். ஆள்பவன் உடைமையாளன் அல்லன், காவலன். அவனைக் கட்டுப்படுத்தச் சட்டமும் மன்றமும் வேண்டும் என்பது அவர் வாதம். அத்துடன் நில்லாமல், மார்க்கத்தின் பெயரால் நடக்கும் கொடுங்கோன்மையையும் கொடுங்கோன்மையின் ஒரு கிளையாகவே எண்ணி எழுதினார். அவரும் நாமும் வேறு வேறு மத்ஹபினர்; எனினும் அந்நூலை நம் மத்ரஸா மாணாக்கர் அனைவரும் படிக்கவேண்டும் என்பது நம் ஆசை.

1909 ஜூலையில் அரசியல் சட்டத் தரப்பார் தெஹ்ரானைக் கைப்பற்றினர், ஷா ஓடினார். நூரி ஓடவில்லை. அவசரமாக அமைக்கப்பட்ட புரட்சி நீதிமன்றம் அவரை விசாரித்தது. குற்றம் சாட்டியவரும் ஓர் ஆலிமே, ஷெய்கு இப்ராஹீம் ஸஞ்ஜானி. நகர் வீழ்ந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூலை 31-ல், பீரங்கிச் சதுக்கத்தில் கூட்டத்தின் நடுவே நூரி தூக்கிலிடப்பட்டார். அன்று ரஜபு பிறை 13; ஷியாக்கள் அலீ (ரலி) அவர்களின் பிறந்த நாளாகக் கொண்டாடும் நாள். நூரியின் கருத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதற்காகப் போராடியவர்கள், அந்தச் சமத்துவத்தை மறுத்தவருக்கும் அதை வழங்கியிருந்தால் அன்றோ அது சமத்துவம்?

எழுபது ஆண்டுகள் கழிந்தன. இடையில் ஆண்ட பஹ்லவி மன்னர்களின் நீதியை நாம் புகழப்போவதில்லை. 1974-ல் கவிஞர் குஸ்ரவ் குல்ஸுர்கியை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றதே அவர்கள் நீதி. 1979 பிப்ரவரி 11-ல் அம்முடியாட்சி வீழ்ந்தது. நான்கே நாளில், ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் தளபதிகள் நால்வர் சுடப்பட்டனர். இரகசியப் போலீசின் முன்னாள் தலைவர் நஸீரி அவர்களில் ஒருவர். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பிரதமராக இருந்த ஹுவைதாவை, மக்கள் சீற்றத்தைத் தணிக்க ஷாவே 1978 நவம்பரில் சிறையிட்டிருந்தார். புரட்சி வென்ற நாளில் காவலர்கள் ஓடிவிட்டனர். ஹுவைதா ஓடாமல் தம்மைப் புதிய ஆட்சியிடம் ஒப்படைத்தார். மார்ச் நடுவில் நள்ளிரவில் விசாரணை தொடங்கிற்று. இம்முறை கூடாது என்று இடைக்காலப் பிரதமர் மஹ்தி பாஸர்கான் எதிர்த்ததால் விசாரணைகள் சிறிது காலம் நின்றன. ஏப்ரல் 7-ல் கல்காலி என்னும் நீதிபதியின் முன் மீண்டும் நிறுத்தப்பட்ட ஹுவைதா, வழக்கறிஞர் இன்றியே தீர்ப்புப் பெற்று, அன்றே சுடப்பட்டார்.

அந்த ஆண்டு முடியுமுன் இஸ்லாமியக் குடியரசின் அரசியல் சட்டம் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது நாம் வியந்தோம். கைதானவனுக்கு 24 மணி நேர வரம்பு அதிலும் உண்டு, 32-ஆம் பிரிவில். வழக்கறிஞர் வைக்கும் உரிமை 35-ல். மெய்ப்பிக்கும் வரை நிரபராதி என்பது 37-ல். வாக்குமூலத்துக்காக வதைப்பது கூடாது, அப்படிப் பெற்றது செல்லாது என்பது 38-ல். பாரிஸின் ஒன்பதாம் பிரிவும் தெஹ்ரானின் 37-ஆம் பிரிவும் ஏறத்தாழ ஒரே சொல். மேற்குக்கும் கிழக்குக்கும் உரிமை பற்றிய கருத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்று முழங்குவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பார்களாக.

ஒன்று கவனித்தோம். வென்றவர் கை முதலில் உயிருள்ளவனைத் தேடுகிறது. அடுத்துக் கல்லறையைத் தேடுகிறது. 1661-ல் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தூக்கிலிட்டனர் மீண்டு வந்த மன்னர் தரப்பார். 1793-ல் செயின்ட் டெனிஸ் ஆலயத்தில் பிரெஞ்சு அரசர்களின் கல்லறைகளை உடைத்தனர். 1980-ல் ரேய் நகரில் ரிஸா ஷாவின் கல்லறை மண்டபத்தைக் கல்காலி இடிப்பித்தார். நம் பழைய வரலாறும் தப்பவில்லை. ஹிஜ்ரி 132-ல், கி.பி. 750-ல், உமய்யா மன்னராட்சியை நீதியின் பெயரால் வீழ்த்திய அப்பாஸியர், திமிஷ்கில் உமய்யாக்களின் கப்றுகளைத் திறந்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அபயம் தந்து அழைத்தவர்களை விருந்துக் கூடத்திலேயே வெட்டியதையும் எழுதியுள்ளனர்.

இப்போது, பிறரிடம் கற்க ஒன்றுமில்லை என்று பேசும் நம் சகோதரர்களிடம் கேட்கிறோம்: நம்மிடமே உள்ளதை நீங்கள் கற்றீர்களா? ஷாபிஈ மத்ஹபு மாணாக்கருக்கு நாம் பாடம் நடத்தும் ‘மின்ஹாஜ்’ நூலில், ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ, கலகக்காரர் பற்றித் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். இங்கே கலகக்காரன் என்பவன் வழிப்பறிக்காரன் அல்லன். தன் பக்கம் ஒரு விளக்கமும், பின்னே ஒரு கூட்டமும் கொண்டு இமாமை எதிர்த்து நிற்பவன். அவன் திரும்பி ஓடினால் துரத்திக் கொல்லக் கூடாது. காயம்பட்டு வீழ்ந்தவனைக் கொல்லக் கூடாது. சிறைப்பட்டவனைக் கொல்லக் கூடாது. போர் ஓய்ந்ததும் விடவேண்டும். அவனுடைய ஆயுதமும் குதிரையும் திருப்பித் தரப்பட வேண்டும். அவன் சாட்சியம் ஏற்கப்படும். அவன் பக்கத்துக் காழி சொன்ன தீர்ப்பும் செல்லும். இச்சட்டத்துக்கு வேராகச் சட்ட அறிஞர்கள் காட்டுவது அலீ (ரலி) அவர்களின் நடைமுறையை. தம்மை எதிர்த்துப் பள்ளிவாசலிலேயே கோஷமிட்ட காரிஜியரிடம், உங்களைப் பள்ளியினின்றும் தடுக்கமாட்டோம், பொதுச் செல்வத்தில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நாங்களாக உங்கள்மீது போர் தொடுக்கமாட்டோம் என்று அவர்கள் உறுதி தந்தார்கள்.

இந்தப் பகுதியைப் பாடம் நடத்தும்போது, இக்காலத்துக்கு இது எதற்கு என்று மாணாக்கர் கேட்பதுண்டு. விரைந்து கடந்துவிடும் ஆசிரியர்களும் உண்டு. 1979-ல் தெஹ்ரானில் மொட்டைமாடியில் நின்றவர்களுக்கு இதைவிடத் தேவையான பகுதி எது? நம்மிடம் சட்டம் இருந்தது. அதை ஆள்பவனிடம் கேட்டுப் பெறும் மன்றம் இருந்ததில்லை. 1696-ல் ஆங்கிலேயர் செய்தது அதைத்தான். நாயினீ கேட்டதும் அதைத்தான். இதைக் கற்பதில் நமக்கு என்ன இழுக்கு?

புரட்சிக் காலம் அசாதாரணமான காலம், பகைவர் சூழ்ந்திருக்கையில் சட்டம் பேசுவது மடமை என்பர். அக்காலத்திலேயே, உள்ளே இருந்தே பேசியவர்கள் உண்டு. 1988-ல் ஈரானியச் சிறைகளில், ஏற்கனவே தண்டனை பெற்று அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது, தலைமைக்கு அடுத்த வாரிசாக இருந்த ஆயத்துல்லாஹ் முன்தஸிரீ அதை எதிர்த்து எழுதினார். 1989 மார்ச்சில் அவர் வாரிசுப் பதவியை இழந்தார். மன்னராட்சியின் சிறையில் கிடந்து புரட்சிக்கு உழைத்தவர் அவர். அவருக்கு மார்க்கம் தெரியாது என்று எவர் சொல்வார்?

நூரியின் பேரர் ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிய ஆட்சி பாட்டனாரைத் தியாகி என்று போற்றிற்று. தெஹ்ரானில் ஒரு பெருஞ்சாலைக்கு அவர் பெயர் சூட்டிற்று. பேரர் நூருத்தீன் கியானூரி, பொதுவுடைமைக் கட்சியான தூதேயின் தலைவர். 1979-க்குப் பின் அந்த ஆட்சியை அவர் கட்சி வலிந்து ஆதரித்தது. மற்றவர்கள் கூண்டிலேறியபோது அது தடுத்துப் பேசவில்லை. 1983 பிப்ரவரியில் அவர் கைதானார். அவ்வாண்டே தொலைக்காட்சியில் தோன்றித் தம் கட்சியின் குற்றங்களைத் தாமே ஒப்புக்கொண்டார். பின்னர், 1990-ல், தம்மையும் தம் மனைவியையும் வதைத்த விதத்தை விவரித்து நாட்டின் தலைமைக்குக் கடிதம் எழுதினார். 38-ஆம் பிரிவு அப்போதும் அரசியல் சட்டத்தில் இருந்தது.